அநாமதேயங்களுக்கு யார் பெயர் வைப்பது?

பெயரில்லாத ஒரு பொருளைக் கண்டதும் நம்மவர்க்குக் கை பரபரக்கிறது. உடனே அதற்கு ஒரு பெரிய பெயரைச் சூட்டியாக வேண்டும். யார் பாடியது என்று தெரியாத தனிப்பாடலா, ஔவையார் தலையில் கட்டு. யார் எழுதியது என்று தெரியாத வைத்திய நூலா, அகத்தியர் கணக்கில் எழுது. ஞானவெட்டியான் என்னும் பிற்கால நூலைத் திருவள்ளுவர் பெயரிலேயே ஏற்றிவைத்த மரபு நம்முடையது. அந்தப் பழக்கம் இப்போது பழைய கிடார் ஆம்ப்ளிஃபயரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எழுத்தும் எண்ணும் இல்லாத ஸ்பீக்கரா, செலஸ்டியன் என்று சொல். இங்கிலாந்துக் கம்பெனி. விலை இரட்டிப்பாகிவிடும்.

தமிழ் படித்தவனுக்கு ஸ்பீக்கரில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பெயர் அழிந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அது எங்கே, எப்போது, யாரால் ஆக்கப்பட்டது என்று சான்றுகளைக் கொண்டு தீர்மானிப்பதுதான் நாங்கள் வகுப்பறையில் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கலை. ஏட்டுக்கு ஒரு நியாயம், காகிதக் கூம்புக்கு வேறொரு நியாயம் என்று இருக்க முடியாது.

தொடங்குமுன் சொல் பற்றி ஒரு குறிப்பு. 'ஒலிபெருக்கி' என்று எழுதினால் தமிழில் அது ஆம்ப்ளிஃபயரையும் குறிக்கிறது, ஸ்பீக்கரையும் குறிக்கிறது. ஒலியைப் பெருக்குவது முதலாவது. பெருகிய மின்னலையைக் காற்றின் அதிர்வாக மாற்றுவது இரண்டாவது. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. ஆகவே கடைத்தெருவில் வழங்கும் சொற்களையே இங்கே கையாள்கிறேன்.

1

திருவண்ணாமலையில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வெளிநாட்டார் வந்து தங்குகிறார்கள். செங்கம் சாலையிலும் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களிலும் மாதக் கணக்கில் வீடு எடுத்து இருப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் கிடாரோடு வருகிறார்கள். ஊர் திரும்பும்போது சுமக்க முடியாதவற்றை விற்றுவிட்டோ கொடுத்துவிட்டோ போகிறார்கள். அப்படி வந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆம்ப்ளிஃபயரை எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் வாங்கினார். முகப்பில் பெயர்ப்பலகை இல்லை. திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. இரண்டின் காந்தத்தின் மேலும் சீட்டு ஒட்டியிருந்து உரித்தெடுத்த பசைத் தடம். விற்றவர் முதலில் சொன்ன விலை 20,000 ரூபாய். பையன் தயங்கியதும், "இது ஒரிஜினல் செலஸ்டியன் தம்பி, காது இருந்தா தெரியும்" என்று சொல்லி, விலையைக் குறைப்பதற்குப் பதிலாக 35,000 ஆக்கினார். பையன் கொடுத்துவிட்டான். அவன் தந்தை கட்டட வேலை செய்பவர்.

இதில் கவனிக்க வேண்டியது 15,000 ரூபாய் என்னும் வித்தியாசம். பெட்டி அதேதான், ஒலியும் அதேதான். இடையில் சேர்ந்தது ஒரு சொல் மட்டுமே. ஆகவே அந்தச் சொல் மெய்யா என்று கேட்கும் உரிமை பணம் கொடுத்தவனுக்கு உண்டு.

செலஸ்டியன் என்ற பெயருக்கு இந்த மதிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1924 முதல் ஸ்பீக்கர் செய்துவரும் இங்கிலாந்துக் கம்பெனி அது. 1950களின் இறுதியில் வாக்ஸ் கம்பெனியின் ஆம்ப்ளிஃபயர்களிலும், 1960களில் மார்ஷல் கம்பெனியின் பெட்டிகளிலும் அதன் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இடம்பெற்றன. பீட்டில்ஸ், ஹெண்ட்ரிக்ஸ் என்று உலகம் கேட்ட கிடார் ஒலியின் கடைசி வாசல் அவையே. கிடார் ஸ்பீக்கர் உள்ளதை உள்ளபடி ஒலிப்பதற்காகச் செய்யப்படுவதன்று. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேல் அது ஒலியைச் சரியவிடுகிறது. அந்தக் குறைதான் கிடாரின் கூர்மையை மழுக்கி, கேட்கத் தக்க ஒன்றாக ஆக்குகிறது. ஸ்பீக்கரை மாற்றினால் கிடாரின் குரலே மாறும். ஆகவே யார் செய்த ஸ்பீக்கர் என்ற கேள்வி வீண் ஆராய்ச்சி அன்று. அதைப் பொய்யால் நிரப்புவதுதான் குற்றம்.

2

சரி, பெயரில்லாத ஸ்பீக்கரிடம் எதைக் கேட்டால் அது உண்மை பேசும்?

முதலில் சட்டத்தின் விளிம்பு. துணியால் தூசியைத் துடைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், பல சமயம் மையால் பதித்த எண்கள் தென்படும். கல்வெட்டுப் படி எடுப்பவர் செய்யும் அதே வேலை. அமெரிக்காவில் செய்தவற்றில் முதல் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் செய்த கம்பெனியைக் குறிக்கும்: 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபர்ட், 137 என்றால் சி.டி.எஸ்., 328 என்றால் யூட்டா, 67 என்றால் எமினன்ஸ். தொடர்ந்து வருபவை ஆண்டும் வாரமும். அந்நாட்டு மின்னணுத் தொழிலமைப்பு வகுத்த முறை இது. 220632 என்றிருந்தால் ஜென்சன், 6இல் முடியும் ஆண்டு, 32ஆம் வாரம்.

6இல் முடியும் ஆண்டு எது? 1956ஆ, 1966ஆ? எண் சொல்லாது. இங்கே தமிழ் மாணவன் திகைக்க வேண்டியதில்லை. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டின் பெயர் மட்டும் எழுதப்பட்ட ஏட்டைப் பார்த்தவனுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. சோழர் கல்வெட்டில் 'கோப்பரகேசரி' என்ற பட்டமும் ஆட்சியாண்டும் மட்டும் இருந்து அரசனின் பெயர் இல்லாதபோதும் இதே நிலைதான். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைச் சோழர் மாறிமாறிச் சூடிக்கொண்டார்கள். எந்தப் பரகேசரி என்பதை எழுத்தின் வடிவமும் உடன் வரும் பெயர்களும்தான் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரிலும் அப்படியே. காந்தத்தின் வகை, சட்டத்தின் வார்ப்பு, ஆம்ப்ளிஃபயரின் பிற உறுப்புகளில் உள்ள தேதிகள் ஆகியவை சேர்ந்து பத்தாண்டைத் தீர்மானிக்கும். செலஸ்டியனும் தேதியை எழுத்துகளால் குறித்தது. ஆண்டுக்கான எழுத்து ஒரு சுற்று முடிந்து மீண்டும் முதலிலிருந்து வரும் என்பதால் அங்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அதன் ஸ்பீக்கர்களில் 'டி' என்னும் எழுத்தோடு தொடங்கும் வகை எண் ஒன்றும் உண்டு. அது இருந்தால் பாதி வழக்கு முடிந்தது.

இரண்டாவது, காந்தம். உயரமான சிறிய காந்தம் என்றால் அது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய உலோகக் காந்தமாக இருக்கக்கூடும். தட்டையான அகன்ற வளையம் என்றால் பெரும்பாலும் பீங்கான் வகைக் காந்தம். கிடார் ஸ்பீக்கர்களில் 1960களின் நடுவிலிருந்து இது பெருகியது. செலஸ்டியனின் 'கிரீன்பேக்' வகைக்கு அந்தப் பெயர் வந்ததே காந்தத்தின் மேலிருக்கும் பச்சை நிற பிளாஸ்டிக் மூடியால்தான்.

மூன்றாவது, கூம்பின் ஓரம். கிடார் ஸ்பீக்கரில் கூம்பின் காகிதமே மடிப்பு மடிப்பாக ஓரம்வரை ஓடிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஓரத்தில் ரப்பர் வளையமோ நுரை வளையமோ இருந்தால் அது வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டியிலிருந்து வந்தது. நடுவில் இன்னொரு சிறு கூம்பு இருந்தால் மைக் செட் வகையாக இருக்கலாம்.

நான்காவது, மல்டிமீட்டர். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இல்லையேல் பக்கத்து ஸ்பீக்கரையும் சேர்த்து அளந்துவிடுவோம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டும். 16 ஓம் ஸ்பீக்கர் 12, 13 அளவில் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரை. மீட்டர் அளப்பது கம்பியின் தடையை மட்டும். ஸ்பீக்கரின் பெயரளவு ஓம் எண் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் பொருந்தாத ஸ்பீக்கரை மாட்டினால், அல்லது ஸ்பீக்கரே இல்லாமல் முடுக்கினால், உள்ளிருக்கும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். இன்னொன்று: வால்வு ஆம்ப்ளிஃபயரில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும். ஸ்பீக்கரைத் தொடலாம், ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள் கை விடக்கூடாது.

ஐந்தாவது, மீட்டரும் கண்ணும் சொல்லாதது. ஒரு ஸ்பீக்கர் எத்தனை வாட் தாங்கும் என்பதைச் சட்டத்தைப் பார்த்தோ ஓமை அளந்தோ கூற முடியாது. எவராவது பார்த்த மாத்திரத்தில் வாட் கணக்குச் சொன்னால், அவர் மற்றவற்றையும் அப்படித்தான் சொல்கிறார் என்று கொள்க.

இந்த முறையில் அந்த மாணவனின் ஸ்பீக்கர்களைப் பார்த்தோம். முதலாவதின் விளிம்பில் 67 தெரிந்தது. அடுத்து 8, பிறகு தேய்ந்துபோன ஓர் இலக்கம், கடைசியில் 31. ஆக, எமினன்ஸ் செய்தது. 1980களில் ஏதோ ஓர் ஆண்டின் 31ஆம் வாரம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 1966இல் தொடங்கிய கம்பெனி. இங்கிலாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவதில் எண் ஏதுமில்லை. மீட்டர் 6.4 என்றும் 6.8 என்றும் காட்டியது. இரண்டும் 8 ஓம். இரண்டாவதின் கூம்பு ஓரத்தில் பசை வேறு நிறம். காயிலிலிருந்து வரும் பின்னல் கம்பியும் வேறு வகை. அதாவது பின்னாளில் யாரோ கோன் மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டில் ஒன்று செலஸ்டியன் அன்று என்பது உறுதி. மற்றொன்று இன்னாருடையது என்பதற்குச் சான்றில்லை. இவ்வளவுதான் சொல்ல முடியும். இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது கற்பனை.

3

சான்று இல்லாதபோது என்ன செய்வது? நம் முன்னோர் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். ஆனால் நாம் அதை அழகு என்று மட்டும் ரசித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

குறுந்தொகையையும் நற்றிணையையும் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. கபிலர் என்றோ பரணர் என்றோ எழுதிவிட்டுப் போயிருக்கலாம், கேட்க ஆளில்லை, பாடலின் மதிப்பும் கூடியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. செம்புலப்பெயனீரார் என்றார்கள். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றார்கள். பாடலுக்குள் கண்ணால் காணக்கூடியதைக் கொண்டே ஆளுக்குப் பெயர் இட்டார்கள். அதுவும் இயலாத பாடல்களைப் பெயரின்றியே விட்டார்கள். சங்கப் பாடல்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு இன்றும் ஆசிரியர் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தை நம் கைக்கு ஒப்படைத்ததுதான் அவர்களுடைய நேர்மை.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகளில் இல்லாததை இல்லை என்றே காட்டினார். 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அவருக்கிருந்த புலமைக்கு அந்த நடையில் இரண்டு பாடல்களை இட்டு நிரப்புவது கடினமாக இருந்திருக்காது. நிரப்பியிருந்தால் புறநானூற்றின் மற்றப் பாடல்களையும் நாம் ஐயத்தோடுதான் படிக்க நேர்ந்திருக்கும். ஒரு பொய் தன் இடத்தோடு நிற்பதில்லை. அருகிலுள்ள மெய்களையும் அரித்துவிடும். பொய்ப் பெயர் ஒட்டிய ஒரு ஸ்பீக்கர் சந்தையில் புழங்கினால், மெய்யான செலஸ்டியனை வைத்திருப்பவரின் சொல்லையும் நாளை எவரும் நம்பமாட்டார்.

ஆகவே அந்த இரண்டாவது ஸ்பீக்கருக்கு நாங்கள் இட்ட பெயர் இது: '12 அங்குலம், பீங்கான் காந்தம், 8 ஓம், காகித ஓரம், கோன் மாற்றியது, செய்தவர் தெரியவில்லை.' ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டியாயிற்று. செம்புலப்பெயனீரார் என்பதன் அழகு இதற்கு இல்லை. ஆனால் அதே முறைதான்.

4

எதிர்வாதங்களைப் பார்ப்போம். மூன்று வகையினர் வருவார்கள்.

முதல் வகையினர் காதை நம்புகிறவர்கள். "ஒரு தந்தியை மீட்டினால் போதும், எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன்" என்பார்கள். எங்கள் துறையிலும் இவர்களுக்கு உறவினர் உண்டு. நடையைப் பார்த்தே நூற்றாண்டைச் சொல்லிவிடுபவர்கள். காதைப் பழிக்கவில்லை. தேர்ந்த காது ஓர் அரிய கருவி. ஆனால் ஒரு பெட்டியிலிருந்து வரும் ஒலியில் கிடாரின் மரம், தந்தி, வால்வின் வயது, பெட்டியின் பலகை, அறையின் சுவர், எவ்வளவு உரக்க வைத்திருக்கிறோம் என்பது எல்லாம் கலந்திருக்கின்றன. முப்பது ஆண்டு அடிபட்டுத் தளர்ந்த காகிதம், புதிதாகச் செய்த நாளில் ஒலித்தது போல ஒலிக்காது. அந்தக் கலவையிலிருந்து கம்பெனியின் பெயரை மட்டும் பிரித்தெடுத்தேன் என்பது, பாயசத்தைச் சுவைத்துவிட்டு மாட்டின் ஊரைச் சொல்வதற்கு ஒப்பு. நடை துணைச் சான்றாகலாம். முதற்சான்றாகாது.

இரண்டாம் வகையினர் ஞானிகள். "பெயரில் என்ன இருக்கிறது? ஒலி நன்றாக இருந்தால் போதாதா?" என்பார்கள். அந்த மாணவனிடம் விற்றவரும் பிறகு இதையே சொன்னார். ஒலி நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. பெயரில் ஒன்றும் இல்லை என்றால் பெயருக்காக வாங்கிய 15,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? விற்கும்போது பெயர்தான் எல்லாம், கேள்வி கேட்டால் பெயரில் ஒன்றுமில்லை. இந்த வேதாந்தம் பணப்பெட்டியைப் பூட்டிய பிறகே பிறக்கிறது. பெயர் முக்கியமன்று என்று மெய்யாகவே கருதுபவர் 'பெயர் தெரியாது' என்று எழுதி 20,000க்கு விற்றிருப்பார்.

மூன்றாம் வகையினர் நடைமுறையாளர்கள். "பழைய பொருள் வாங்குகிறவன் விழிப்பாக இருக்க வேண்டும், அதுதான் சந்தை" என்பார்கள். மூர் மார்க்கெட் எரிந்த 1985க்கு முன்பு அங்கே பழைய புத்தகம் வாங்கித் தேர்ந்தவர்களிடமும் இந்தப் பெருமிதத்தைக் கேட்டிருக்கிறேன். ஏமாறாமல் வாங்கியது ஒரு சாமர்த்தியம் என்பார்கள். வாங்குகிறவன் தன்னளவில் விழிப்பாயிருப்பது நல்லது. ஆனால் விற்பவர் அறிந்தே சொன்ன பொய்யை வாங்குபவரின் அசட்டையாக மாற்றுவது எந்த அறம்? உரித்தெடுத்த சீட்டின் பசைத் தடம் இரண்டு காந்தத்திலும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சீட்டு தானாகவும் உதிர்ந்திருக்கலாம்; உரித்தவர் யார் என்று நான் சொல்லவில்லை. உரிந்த இடத்தில் வாயால் வேறு சீட்டு ஒட்டப்பட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு நுட்பமான வாதமும் உண்டு. "கம்பெனிகளே இப்படிச் செய்தனவே" என்பது. உண்மைதான். வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களில் செலஸ்டியன் செய்த ஸ்பீக்கர் வாக்ஸ் சீட்டோடு வந்தது. ஃபெண்டர் கம்பெனி ஆக்ஸ்ஃபர்ட், யூட்டா, சி.டி.எஸ். எனப் பலரிடம் வாங்கி அவற்றில் தன் சீட்டை ஒட்டியது. ஹைவாட் பெட்டிகளில் ஃபேன் கம்பெனி செய்தவை இருந்தன. செய்தவர் ஒருவர், சீட்டு மற்றொருவருடையது. ஆனால் அங்கே விளிம்பில் அந்த எண் இருந்தது. சீட்டு மறைத்ததைச் சட்டம் சொன்னது. செய்தவனுக்கான ஓர் ஓரத்தைத் தொழிற்சாலை விட்டு வைத்தது. நம்மிடம் அந்த ஓரமும் இல்லை. இங்கிருந்துதான் என் மெய்யான குற்றச்சாட்டு தொடங்குகிறது.

5

எங்கள் ஊரில் மைக் செட் கடைகளுக்கு முப்பது ஆண்டுகளாகக் கோன் மாற்றிக் கொடுக்கும் ஒரு பெரியவரிடம் அந்த இரண்டாவது ஸ்பீக்கரைக் காட்டினோம். கூம்பை இரு கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது நம்ம பக்கத்துல யாரோ கட்டின கோன் சார். கம்பெனிக்காரன் இப்படிப் பசை போடமாட்டான். ஆனா கட்டினவன் வேலை தெரிஞ்சவன். காயில் எங்கயும் உரசல பாருங்க."

"யாருன்னு கண்டுபிடிக்க முடியுமாங்க ஐயா?"

"அதெப்படி சார்? நாங்க யாரும் பேர் போடறதில்லையே."

ஒரு ஸ்பீக்கரில் ஒலியை உண்டாக்குவது எது? சட்டம் வெறும் எலும்பு. காந்தம் அசையாமல் கிடக்கும். அசைவது காயிலும் கூம்பும்தான். அவ்விரண்டையும் மாற்றிவிட்டால் அந்தக் குரல் மாற்றியவருடைய கைவினை. பழைய காயிலை அறுத்தெடுத்து, காந்தத்தின் இடுக்கில் சிக்கிய துகளைத் துடைத்து, தாளை மெல்லிய பட்டைகளாகச் செருகி, புதுக் காயிலை நடுவில் நிறுத்தி, பசை உலரும்வரை காத்து, பிறகு தாளை உருவுவார்கள். அந்த இடுக்கில் மயிரிழை பிசகினாலும் காயில் உரசும். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் பௌர்ணமிதோறும் ஒலிக்கும் அறிவிப்புகளும் பாடல்களும் இத்தகைய கைகள் பழுது பார்த்த கருவிகளின் வழியாகத்தான் வருகின்றன. அந்த மாணவனின் பெட்டியில் நன்றாக ஒலிக்கும் குரலில் பாதி, பெயர் தெரியாத ஒரு தமிழ்த் தொழிலாளியுடையது. அதைத்தான் 'இங்கிலாந்து' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இங்கே பறிபோனது 15,000 ரூபாய் மட்டுமா?

இது ஒரு கடையின் குற்றமாக மட்டும் இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் பண்பாடே இப்படித்தான் கணக்கு எழுதுகிறது. 217 அடி இராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயரின் பெயரால் அறிகிறோம். கல்லைச் செதுக்கியவரின் பெயர் நம் நாவில் இல்லை. தமிழ்த் திரையிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் இளையராஜா ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிடார் வாசித்தார். அவர் இளையராஜா ஆனதால் அந்தச் செய்தி நமக்குத் தெரியும். அதே காலத்தில் அதே அறையில் வாசித்த மற்றவர்களின் பெயர் திரையிலும் இசைத்தட்டு உறையிலும் பெரும்பாலும் வரவில்லை. 1990களில் ஏ.ஆர். ரஹ்மான் ஒலிநாடா உறைகளில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கியபோது அது ஒரு புதுமையாகப் பேசப்பட்டது. வாசித்தவனின் பெயரைப் போடுவது புதுமையாகப் பேசப்படும் ஒரு கலையுலகம் எப்படிப்பட்ட உலகம்? இன்று ஒரு பழைய பாடலின் கிடார்ப் பகுதியைக் கேட்டுவிட்டு 'இது இன்னார்தான்' என்று ஆளுக்கொரு பெயரை அடித்துச் சொல்கிறோம். குறித்து வைக்காத தலைமுறைக்கு ஊகிக்கும் தலைமுறை பிறக்கும். ஊகிக்கும் தலைமுறையிடம் விற்பதற்கு வியாபாரி பிறப்பார்.

ஆக, பொய்ப் பெயரும் பெயரின்மையும் எதிரிகள் அல்ல, உடன்பிறப்புகள். சிறியவரின் பெயரை எழுதாமல் விட்ட இடத்தில்தான் பெரியவரின் பெயர் வந்து குந்துகிறது. ஔவையார் மேல் ஏற்றிய ஒவ்வொரு பாடலுக்குள்ளும் பெயர் பறிபோன ஒரு கவிஞன் இருக்கிறான்.

6

என்ன செய்யலாம் என்று கேட்பவர்க்கு மூன்று சொல்வேன். மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

விற்பவர்க்கு: தெரிந்ததை எழுதுங்கள், எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள். 'விளிம்பில் 67 என்ற எண் உள்ளது, ஆகவே எமினன்ஸ்' என்பது நேர்மையான வாக்கியம். 'ஒரிஜினல்' என்னும் ஒற்றைச் சொல் வாக்கியமே அன்று. தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். அதனால் விலை குறையும். குறையட்டும், அதுதான் அதன் விலை.

வாங்குபவர்க்கு: எண் எங்கே என்று கேளுங்கள். பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பெயருக்குரிய பணத்தைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். மல்டிமீட்டரின் விலை சில நூறு ரூபாய்தான்.

மூன்றாவது, கோன் கட்டுபவர்களுக்கு. இதுவே எனக்கு முதன்மையானது. ஐயா, உங்கள் பெயரைப் போடுங்கள். காந்தத்தின் மேல், சட்டத்தின் உட்புறத்தில், எங்கே இடமிருக்கிறதோ அங்கே, ஊர், நாள், காயில் எத்தனை ஓம், உங்கள் பெயர் என்று நான்கு குறிப்பு. அழியாத மைப் பேனா போதும். இது தற்பெருமை ஆகாது. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் பலர் கடைசி ஓலையில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாளில், இன்னார் எழுதி முடித்தது என்று குறித்து வைத்தார்கள். அவர்கள் தொல்காப்பியரோ கம்பரோ அல்லர். படி எடுத்தவர்கள் மட்டுமே. அவர்கள் எழுதிய அந்த இரண்டு வரிதான் இன்று எங்களுக்கு ஏட்டின் வயதைச் சொல்கிறது. நூலை ஆக்கியவனின் பெயருக்குச் சமமாகச் சில வேளை படி எடுத்தவனின் பெயரும் நூலைக் காக்கிறது.

பழுது பார்ப்பதும் படி எடுப்பதே. முதல் ஆசிரியன் செய்ததைச் சிதையாமல் இன்னொரு தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும் வேலை. அந்த வேலைக்குப் பெயரில்லை என்று நாம் நினைத்த நாளில்தான் உரிந்த சீட்டின் இடத்தில் பொய்கள் ஒட்டத் தொடங்கின. அடுத்த முறை யாராவது ஒரு பெட்டியைத் திறந்து, விளிம்பைத் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் பார்க்கும்போது, அங்கே லண்டனோ சிகாகோவோ இல்லாமல் திருவண்ணாமலை என்றோ போளூர் என்றோ எழுதியிருக்கட்டும். அதற்கு என்ன விலை என்பதைச் சந்தை பிறகு தீர்மானித்துக்கொள்ளட்டும்.